பதினொரு முறை கத்தரிக்கோல்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு நூல் ஆலையின் மாடி ஓய்வறையில் ஐந்து பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே, குறிப்பேட்டோடு நான். ஆலையில் தபால் பிரிவு எழுத்தர். எங்கள் அட்டை ஆட்டச் சங்கத்துக்குச் செயலாளர். என் இடப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நூல் கிடங்குக்காரர். அவருக்கு எதிரே, வெளிச்சம் முகத்தில் விழும்படி, ஆலையில் அவருக்கு மேலதிகாரியான மேற்பார்வையாளர். மேற்பார்வையாளரை அடுத்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகின்மேல் தாடையை வைத்துக்கொண்டு, ஆலை வாசலுக்கு எதிரே சாவிக் கடை வைத்திருக்கும் பூட்டுக்காரர். பூட்டுக்காரருக்கு நேர் எதிரே அவருடைய அக்கா, அதாவது கிடங்குக்காரரின் மனைவி, கணவரின் இடப்பக்கத்தை ஒட்டி. வீட்டில் இருந்தபடியே தையல் வேலை செய்பவர். மடியில் ஒரு ஜன்னல் திரை, கையில் ஊசியும் கத்தரிக்கோலும்.

மற்ற சனிக்கிழமைகளில் அவர் கதவோரத்துப் பெஞ்சில்தான் உட்காருவார். அன்று ஏன் மேசைக்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. வந்ததை மட்டும் குறித்துக்கொண்டேன். யார் யார், எங்கே என்பதை முதலில் எழுது, பிறகு நடந்ததை எழுது, உன் அபிப்பிராயத்தைக் கேட்டால் மட்டும் எழுது என்று பள்ளிக்கூடத்தில் கடிதப் பாடத்தின்போது சொல்லிக்கொடுத்தார்கள். மற்றப் பாடங்கள் மறந்துவிட்டன.

நாங்கள் ஆடுவது ஐந்நீர் ஆட்டம். ஒரு கட்டுக்கு அறுபது அட்டை. அதில் இருபத்தைந்து ஊற்றுகள், மிச்சம் உயிர்கள். பாறை யானை, மூடுபனி நரி, சாம்பல் பறவை என்று உயிர்களுக்குப் பெயர் உண்டு. ஊற்றுகளுக்கு நிறம் மட்டும்தான்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு. பாறை யானையை மேசையில் இறக்க இரண்டு பச்சை ஊற்று வேண்டும். பச்சை இல்லையென்றால் யானை கையிலேயே கிடக்க வேண்டியதுதான். இறங்கிய உயிர்கள் எதிராளியைத் தாக்கும். இருபது புள்ளியில் தொடங்கும் ஆள் பூஜ்யத்துக்கு வந்தால் தோற்றான்.

ஒரே நிறத்தில் கட்டு வைத்திருப்பவனுக்கு மாதச் சம்பளக்காரனின் நிம்மதி. ஐந்து நிறக் கட்டு வைத்திருப்பது ஐந்து மருமகள்கள் உள்ள வீட்டில் மாமியாராக இருப்பது போல. ஐந்து பேரும் ஒரே நாளில் முகம் மலர்ந்தால் அந்த வீட்டை அசைக்க ஆளில்லை. அப்படிப்பட்ட நாள் எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

கிடங்குக்காரர் சங்கத்துக்கு வந்த நாளிலிருந்து நீலத்தைத் தவிர வேறு நிறத்தைத் தொட்டதில்லை. மேற்பார்வையாளர் ஐந்து நிறக்காரர். அவருடைய கட்டு முழுவதும் முதல் பதிப்பு. வெளியூர்ச் சங்கத்தார்கூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் பதிப்பிலிருந்து ஊற்றுகளின் மூலையில் சிவப்புக்குச் சுடர், பச்சைக்கு இலை என்று சின்னக் குறி அச்சிடத் தொடங்கினார்கள். முதல் பதிப்பில் அது இல்லை. எல்லா ஊற்றுகளிலும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. குறி போட்டது குழந்தைகளுக்கு என்று மேற்பார்வையாளர் சொல்வார்.

எங்கள் சங்கத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. இறுதி ஆட்டத்தில் இருவரும் கட்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஜெயித்தது அட்டையா ஆளா என்று ஒரு வருடம் வாய்ச்சண்டை வந்து, நாற்காலி ஒன்று உடைந்தபின் ஏற்பட்ட வழக்கம். எதிராளியின் கட்டைப் புரட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் தருவோம். அரையிறுதியில் மைத்துனரான பூட்டுக்காரரைத் தோற்கடித்துவிட்டுக் கிடங்குக்காரர் முதல்முறையாக இறுதிக்கு வந்திருந்தார். ஆகவே, முதல்முறையாக ஐந்து நிறமும் அவர் கைக்கு வந்தன.

பத்து நிமிடமும் அவர் ஊற்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிர்களைப் புரட்டவே இல்லை. அவை எல்லாருக்கும் மனப்பாடம். "ஊத்துல என்ன மாமா ஆராய்ச்சி, தண்ணி வருதான்னு பாக்கறீங்களா?" என்று பூட்டுக்காரர் சீண்டினார். கிடங்குக்காரர் அடுத்த ஊற்றை எடுத்தார்.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிப்பவர் வெற்றியாளர். முதல் ஆட்டம் மேற்பார்வையாளருக்கு. கடன் வாங்கிய நீலக் கட்டோடு அவர் சாவகாசமாக ஆடினார். இரண்டாவது கிடங்குக்காரருக்கு. அன்றுதான் அந்த ஐந்து மருமகள்களுக்கும் ஒரே நாளில் முகம் மலர்ந்தது என்று சொல்ல வேண்டும். கையிலிருக்கும் ஊற்றை ஒரு விரலால் தொடுவார், சற்றுத் தாமதிப்பார், பிறகு மேசையில் வைப்பார். சிவப்பு இடக்கோடியில், பச்சை வலக்கோடியில், மற்றவை நடுவில். வைத்த இடத்திலிருந்து எதையும் நகர்த்த மாட்டார். கிடங்கில் நூல் சுற்றிய கோன்களை அடுக்குவதும் அப்படித்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒன்பதாவது சுற்று. மேற்பார்வையாளருக்கு மிச்சம் இரண்டு புள்ளி. கிடங்குக்காரர் ஓர் ஊற்றைத் தொட்டார், இடக்கோடியில் வைத்தார். மணி மூன்று ஐம்பத்திரண்டு. பூட்டுக்காரர் தாடையை நாற்காலியிலிருந்து எடுத்தார்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அக்கா, கத்தரிக்கோலை இப்ப எதுக்குக் கீழ வச்சே?"

"கை வலிச்சுது, வச்சேன்."

"நூலே வெட்டாம கை வலிக்குதா? ரெண்டு மணியிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மாமா அட்டையில கை வைப்பாரு, நீ டக்குனு வைப்பே. சத்தத்தைக் கேட்டுப் பூட்டைத் திறக்கறவன் நான். என்கிட்டயேவா?"

மேற்பார்வையாளர் தன் அட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். பார்வையாளர் ஆட்டக்காரருக்குச் சாடை காட்டக் கூடாது என்பது ஐந்தாம் விதி. இது உண்மையா என்று செயலாளர் என்ற முறையில் நான் கேட்க வேண்டியிருந்தது, கேட்டேன். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிடங்குக்காரர் அவர் மடியிலிருந்த திரையின்மேல் கையை வைத்தார்.

"ஆமா. சொல்லிக் கொடுத்தா. எழுதிக்கோங்கண்ணே."

பூட்டுக்காரர் மறுப்பை எதிர்பார்த்திருந்தார். உள்ளே தாழ் போட்டிருக்கிறது என்று நினைத்துத் தோளால் மோதியவர் திறந்திருந்த கதவோடு உள்ளே போய் விழுந்ததுபோல் ஆனார். அக்காவைப் பார்த்தார். அக்கா திரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கணவனும் மனைவியும் எழுந்து போனார்கள். அட்டைகளை யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அவை கிடந்தபடியே ஒரு படம் வரைந்துகொண்டேன்.

ஐந்தாம் விதியை மீறினால் இரண்டு வருடத் தடை. பெயர் எல்லாச் சங்கங்களுக்கும் போகும். தலைமைச் சங்கத்துக்குத் திங்கட்கிழமைத் தபாலில் அறிக்கைக் கடிதம் சேர்த்தாக வேண்டும். அதோடு குறிப்பேட்டின் பக்கங்கள். சாட்சிகள் இருவர் கையொப்பம். ஓய்வறை ஆலைக்குச் சொந்தம் என்பதால் நகல் ஒன்று ஆலையின் நலப் பிரிவுக்கு. கடிதத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: உதவியது யார், எப்படி, அதனால் ஆட்டக்காரருக்கு என்ன லாபம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு கேள்விக்கும் ஐந்து நிமிடம் ஆயிற்று. மூன்றாவதில் நின்றுவிட்டேன். என் குறிப்பேட்டில் ஆட்டம் ஒரு பத்தி, நேரம் ஒரு பத்தி, மற்றவை ஒரு பத்தி. மற்றவை என்பதில் இருமல், தேநீர், மின்விசிறி நின்றது என்று எல்லாம் இருக்கும். கத்தரிக்கோல் பதினொரு இடத்தில் இருந்தது. அது மேசையை அதிரச் செய்ததால் எழுதியிருக்கிறேன், வேறு காரணமில்லை.

எந்த உயிரை இறக்குவது, எப்போது தாக்குவது என்று அவர் யோசித்த இடங்கள் முப்பதுக்கு மேல். அங்கெல்லாம் கத்தரிக்கோல் இல்லை. முதல் ஆட்டத்தில் தோற்கக் காரணமான அந்த மோசமான தாக்குதலுக்கு முன்னாலும் இல்லை. மூன்று ஆட்டத்திலுமாக அவர் வைத்த சிவப்பு ஊற்றுகளை எண்ணினேன். பதினொன்று. பச்சை ஊற்றுகள் பத்து. பத்துக்கும் முன்னால் அதே தாமதம் இருந்தது, கத்தரிக்கோல் சத்தம் இல்லை.

மறுபடி எண்ணினேன். பிறகு பேனாவை மூடி வைத்தேன்.

கிடங்குக்காரருக்கு ஆலையில் 'நம்பர்' என்று பெயர். அந்த இளஞ்சிவப்பு நூலைக் கொடுங்கள் என்று தையல் பிரிவிலிருந்து யாராவது வந்தால், நம்பர் சொல்லுங்க என்பார். கிளிப்பச்சை என்றாலும் நம்பர் சொல்லுங்க. ஒவ்வொரு கோனின் அடியிலும் மூன்று இலக்க எண் ஒட்டியிருக்கும். எண் தெரியாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார். வீட்டுக்கு வழி கேட்டால் பச்சைக் கதவு என்று சொல்லாமல் இடமிருந்து நாலாவது என்பார். சிவப்புக் கோப்பையா, பச்சைக் கோப்பையா என்று தேநீர்க்காரர் கேட்டால், ரெண்டாவது என்பார். மனுஷனுக்குக் கணக்குப் பைத்தியம் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். சிரித்தவர்களில் நானும் உண்டு.

சாயம் ஏறிய நூலைக் கையாளும் எவரும் நிறம் பிரித்தறியும் கண் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்பது ஆலை விதி. அவர் மூட்டை தூக்க வந்தவர். அவருக்குச் சோதனை தேவைப்படவில்லை. பழைய கிடங்குக்காரர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, அலமாரி எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவர் என்று இவரை உட்கார வைத்தார்கள். பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். சோதனைக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது கேள்விக்கு நான் உண்மையை எழுதினால், நகல் போகிற இடம் நலப் பிரிவு. சோதனைக்கு ஆள் அனுப்புவது அந்தப் பிரிவுதான்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவரே தபால் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அலமாரியில் நான் ஒட்டியிருந்த பகுதி எண்களை ஒருமுறை பார்த்தார்.

"எழுதிட்டீங்களாண்ணே?"

"முதல் ரெண்டு எழுதிட்டேன். என்ன லாபம்னு ஒரு கேள்வி இருக்கு."

"ஜெயிக்கறதுக்குன்னு எழுதுங்க."

"அப்படி நடக்கலையே. நான் எண்ணிப் பார்த்துட்டேன்."

அவர் திரும்பிக் கதவைச் சாத்தினார். பிறகு, எதை எண்ணினீர்கள் என்று கேட்டார். ஊற்றுகளை என்றேன். தலையை ஆட்டினார்.

"ஏமாத்துக்காரன்னா ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் கழிச்சு வந்து ஆடிக்கலாம். இன்னொண்ணு அப்படி இல்லண்ணே. மறுபடி மூட்டை தூக்க இந்த முதுகு ஒத்துக்காது. பொண்ணு படிப்பு இன்னும் நாலு வருஷம் இருக்கு. ஏமாத்தினான்னே எழுதிடுங்க."

நடக்காததை நான் எழுதியதில்லை என்றேன். அப்படியானால் நடந்ததை எழுதாமல் விடுங்கள் என்றார். அதையும் செய்ததில்லை என்றேன். இடைவேளை முடிந்து மணி அடித்தது. மச்சான்கிட்ட சொல்லாதீங்க, அவனுக்குத் தெரியாது, என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு மணிக்கு மேற்பார்வையாளர் சாட்சிக் கையொப்பம் போட வந்தார். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்காமல் போடுகிறவர் அல்ல. மேசையில் கடிதம் அரைகுறையாக இருந்தது. குறிப்பேட்டைக் கேட்டார். சாட்சிக்குக் காட்டலாம் என்பதால் கொடுத்தேன். மூன்று ஆட்டத்தையும் விரலை வைத்துப் படித்தார். பதினொன்றில் ஐந்தாவது கத்தரிக்கோலில் விரல் நின்றது. பின்னால் புரட்டினார், முன்னால் புரட்டினார்.

"பதினோரு வருஷத்துல ஒரு கோன் மாறிப் போனதில்ல. எப்படிய்யா முடியுதுன்னு ஒருநாள்கூட நான் கேட்டதில்ல."

அபிப்பிராயம் யாரும் கேட்கவில்லை.

"சாயம் சரியா ஏறியிருக்கான்னு பாக்கறது என் வேலை. எடுத்துக் கொடுக்கறது அவர் வேலை. அவரைச் சோதனைக்கு அனுப்பிட்டா அந்த இடத்துக்கு நல்ல கண்ணுள்ளவன் ஒருத்தன் வருவான். நம்பரைப் பாக்காம நிறத்தைப் பார்த்து எடுப்பான். மாசம் நாலு கோன் மாறும், நான் பதில் சொல்லணும்." குறிப்பேட்டை மூடினார். "விதிப் புத்தகத்தை எடுங்க. பழைய பதிப்பைப் பத்தி என்னமோ ஒண்ணு இருக்குமே."

பதினான்காம் விதி. எடுத்தேன். கட்டு மாற்றி ஆடும்போது மூலைக் குறி இல்லாத முதல் பதிப்பு அட்டை இருந்தால், அதை முன்கூட்டியே சொல்லி எதிராளியின் ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஆட்டம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஒப்புதல் வாங்க வேண்டியது கட்டின் சொந்தக்காரர்; வாங்கினாரா என்று பார்க்க வேண்டியது செயலாளர். அந்தக் கட்டை எங்களுக்குப் பத்து வருடமாகத் தெரியும். தெரிந்த முகத்திடம் யார் அடையாளச் சீட்டு கேட்பார்கள்? அவர் வாங்கவில்லை, நான் பார்க்கவில்லை.

செல்லாத ஆட்டத்துக்குக் குறிப்பேட்டின் பக்கங்களை அனுப்ப வேண்டியதில்லை. மூன்று கேள்விகளுக்கும் பதில் தேவையில்லை. தொடங்கவே தொடங்காத ஆட்டத்தில் யார் யாருக்கு உதவ முடியும்?

ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆட்டம் கலையும்போது உங்களுக்கு ரெண்டு புள்ளிதான் மிச்சம்."

"தெரியும்."

"பூட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லுவார்."

"தோக்கப் போறவன் பலகையைக் கவுத்துட்டான்னு சொல்லுவான். வேற என்ன சொல்லிடப் போறான்?" சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இனிமே அந்தக் கட்டை இறுதிக்குக் கொண்டுவர மாட்டேன்னும் சேர்த்து எழுதுங்க. குறி போட்டதையே வாங்கிக்கறேன்."

புதிய தாளில் எழுதினேன். தேதி, இடம், பெறுநர், பொருள். இருந்தவர்கள் ஐந்து பேர் என்றும், அவரவர் உட்கார்ந்த இடமும். கட்டின் சொந்தக்காரர் பதினான்காம் விதிப்படி ஒப்புதல் பெறவில்லை. செயலாளர் அதைச் சரிபார்க்கத் தவறினார். ஆகவே ஆட்டம் செல்லாது. மறு ஆட்டம் குறியுள்ள அட்டைகளோடு அடுத்த மாதம் நடக்கும். செயலாளரின் தவறு என்று நான் எழுதியது அதுவே முதல் முறை. கடிதத்தில் இருந்த ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எல்லா உண்மையும் அதில் இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார். பழைய தாளைக் கிழித்தேன்.

இரண்டாவது சாட்சி பூட்டுக்காரர். ஐந்து மணிக்கு அவர் கடைக்குப் போனேன். ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லையாம். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்தார். நான் எதிர்பார்த்ததுபோலவே முகம் மாறியது.

"அப்ப கத்தரிக்கோல்?"

"செல்லாத ஆட்டத்துல கத்தரிக்கோல் கிடையாது."

"இது நியாயமாண்ணே? இன்னும் ஒரு சுத்து, மாமா முடிச்சிருப்பாரு. ரெண்டு புள்ளிக்காரர் நைசா கலைச்சுட்டாரு பாருங்க. அதிகாரின்னா அட்டையிலயும் அதிகாரியா?"

சனிக்கிழமை கலைத்தது யார் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. மாமாவுக்கு நேர்ந்த அநியாயத்தைப் பற்றி இன்னும் சற்று நேரம் பேசினார். தன்னைத் தோற்கடித்தவர் இறுதியில் தோற்றுப்போனால் தனக்குத்தான் அவமானம் என்றார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அரத்தூள் பட்டுத் தாளின் ஓரம் சாம்பல் நிறமானது.

"அண்ணே, உள்ளபடி சொல்லுங்க. அக்கா எதுக்கு அதைக் கீழ வச்சா?"

"கை வலிச்சிருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். பூட்டின்மேல் காதை வைக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு சாவியை எடுத்து மறுபடி ராவத் தொடங்கினார். ராத்திரிக்குள் அக்கா வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வர வேண்டும் என்று, என்னிடம் இல்லாமல், பொதுவாகச் சொன்னார்.

அவர் கடை மேசையிலேயே தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். நகலுக்குச் சின்ன உறை. பசை நான் கொண்டுபோயிருந்தேன். பெரிய உறையின் நாக்கில் பசையைத் தடவி, விரலால் இடமிருந்து வலமாக அழுத்தினேன். சின்ன உறையை ஒட்டும் முன் நகலை வெளியே எடுத்து இன்னொரு முறை படித்தேன். பிறகு அதையும் ஒட்டினேன். ஐந்து இருபதுக்குத் தபால் நிலைய முகப்பில் பெரியதைப் பதிவுத் தபாலில் கொடுத்து, ரசீதைக் குறிப்பேட்டில் மற்றவை என்ற பத்தியில் ஒட்டினேன். சின்னதை ஆலை வாசலில் நலப் பிரிவின் பெட்டியில் போட்டேன். உள்ளே அது அடிவரை போய் விழுந்த சத்தம் கேட்டது.